மாதிரிச் சிறுகதை எண் நான்கு

இயேசு மரி சூசை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
10.6.2008

அன்புள்ள அபி அப்பாவுக்கு,

உங்கள் பிரிஸ்கில்லா எழுதுவது. நானும் அத்தையும் அபியும் இங்கே சுகம். பாரிஸில் நீங்கள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இந்தக் கடிதத்தை மிக்கேல் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் அத்தை இடித்த மிளகாய்த்தூளும் இருக்கின்றன. கருவாடும் கட்டி வைத்திருந்தோம். ஏர்போர்ட்டில் பெட்டி நாறினால் என் மானம் போய்விடும் என்று மாமா அதை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். மாமாவுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்ததிலிருந்து மூக்கும் மாறிவிட்டது போலிருக்கிறது.

போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைப்பீர்கள். போன ஞாயிறு நீங்கள் பேசும்போது சொல்லிவிடத்தான் இருந்தேன். நீங்கள் எடுத்த எடுப்பில், குளிர்கோட்டை என்னோடு அறையில் இருக்கும் பையனுக்குக் கொடுத்துவிட்டேன், இனி இந்த ஊர்க் குளிர் எனக்கு எதற்கு என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. சாம்பார் தாளிக்கிறேன், அடுப்பில் தீய்கிறது என்று பொய் சொல்லிப் போனை அத்தையிடம் கொடுத்தேன். அன்று வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை.

ஜூன் மாதம் காலேஜில் என் வேலை நிரந்தரமாகும், ஆனவுடன் நீங்கள் ஓட்டல் பாத்திரத்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதானே நம் பேச்சு. சேதராப்பட்டுக் கம்பெனியை மூடி உங்களை வெளியே அனுப்பிய நாளிலிருந்து இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் நாளைத் தள்ளுகிறோம். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்கு எங்கப்பா வந்துடுவாங்க என்று அபி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு நாய்க்குட்டிக்குக்கூடச் சொல்லியாயிற்று. ஜூன் வந்துவிட்டது. என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். தயவு செய்து நடுவில் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள்.

காலேஜ் என்ற சொல்லை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. நாங்கள் பி.ஏ. தமிழ் கடைசி வருஷத்துக்குப் படைப்பிலக்கியம் என்று ஒரு தாள் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கவிதை, கதை எழுத மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் தாள். கேட்கத் தேனாக இருக்கிறதா? அதற்கும் ஒரு கைடு இருக்கிறது. எங்கள் துறைத்தலைவர் முனைவர் காத்தவராயன் எழுதியது. நிலாவைப் பற்றி எட்டு வரிக் கவிதை, மழையைப் பற்றி எட்டு வரிக் கவிதை, மாதிரிச் சிறுகதைகள் என்று எல்லாம் அதில் ஆக்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பரீட்சையில் கொட்டிவிட்டு வருவார்கள். கற்பனையை மனப்பாடம் செய்வது உலகத்திலேயே எங்கள் துறையில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

திருத்துவதற்கும் ஒரு விடைக்குறிப்பு உண்டு. தொடக்கத்துக்கு இவ்வளவு, வருணனைக்கு இவ்வளவு, திருப்பத்துக்கு இவ்வளவு, நீதிக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வைத்திருப்பார்கள். நீதி இல்லாவிட்டால் கதையே இல்லை. சேதராப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் விவசாய வீட்டுப் பிள்ளைகள், காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டுப் பஸ் ஏறி வருபவர்கள், கைடில் உள்ள மாட்டைப் பற்றி எழுதினார்களே தவிரத் தங்கள் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. உங்க வீட்டு மாட்டைப் பற்றி எழுதுங்கடா என்றால், அதுக்கு மார்க் வருமா மேடம் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்ல?

எனக்கு இது பொறுக்காமல் போன ஆகஸ்டில் ஒருநாள் கைடை மூடச் சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் பேனாவைக் கடித்தார்கள். கமலவேணி என்று ஒரு பெண், தேங்காய்த்திட்டுக்காரி, தலையே தூக்காமல் எழுதினாள். அவள் அம்மா ராஜாம்பாள் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். சுனாமி வந்து போன நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கடலில் பிணம் தின்ற மீன் என்று சொல்லி ஊரே மீன் வாங்காமல் இருந்ததே, நாமும்தான் வாங்கவில்லை, அந்த நாட்களில் நடந்ததை எழுதியிருந்தாள்.

கதை இதுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் அம்மாவிடம் எவரும் மீன் வாங்கவில்லை. எப்போதும் வாங்கும் ஒரு வீட்டம்மாள் மட்டும் பாவம் பார்த்து நல்ல சங்கரா மீனாக எடுத்துக்கொள்கிறாள். அம்மா நெஞ்சு குளிர்ந்து தெருக்கோடி வரை போய்த் திரும்பும்போது அதே மீன் அந்த வீட்டுக் குப்பைத்தொட்டி மேல் கிடக்கிறது. அம்மா எதுவும் பேசாமல் அதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து, கழுவிக் குழம்பு வைத்துப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறாள். மறுநாள் அதே வாசலில் போய் நின்று, மீனு எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்கிறாள். அந்த அம்மாள் கொஞ்சமும் கூசாமல், ரொம்ப நல்லா இருந்துச்சு என்கிறாள். ஆமாம்மா, எங்க வூட்லயும் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் கதை.

வகுப்பில் படித்துக் காட்டும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்டு மலரில் போடலாம் என்று நானே அதைக் கொண்டுபோய்த் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். மலரில் வரவில்லை. பொங்கல் முடிந்து அவருடைய கைடு புதுப் பதிப்பு வந்தது. திறந்தால் மாதிரிச் சிறுகதை எண் நான்கு என்று கமலவேணியின் கதை இருக்கிறது, கமலவேணி பெயர் இல்லை. அட, திருடினவர் முழுசாகத் திருடியிருக்கக் கூடாதா? கடைசியை மாற்றிவிட்டார். வீட்டம்மாள் ஓடிவந்து மீன்காரியின் காலில் விழுந்து கதறுகிறாளாம். மீன்காரி அவளைத் தூக்கி நிறுத்தி, மனிதநேயமே மாபெரும் செல்வம் என்று செந்தமிழில் உபதேசம் செய்கிறாளாம். தூ!

நான் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் தலைகுனிவார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. பசங்க எழுதறது துறையோட சொத்து மேடம், நான் கொஞ்சம் செப்பனிட்டேன், அந்தப் பொண்ணு எழுதுனதுல நீதியே இல்லியே என்றார். அதோடு, ஜூன்ல இன்டர்வியூ வருது, உங்க பேருதான் முதல்ல இருக்கு, மனசுல வெச்சுக்குங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உங்கள் முகம் என் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கமலவேணியிடம் சொன்னபோது அவள் கைடை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கம்மா இப்படியெல்லாம் பேசாது மேடம் என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. கடலோர மக்களின் வாழ்க்கையை மையமாகக் கொண்டு ஒரு சிறுகதை வரைக என்று கேள்வி. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி ஆயிற்றே, கேள்வியும் எங்களுடையதுதான், கேட்டவரும் அவர்தான். வகுப்பு மொத்தமும் மாதிரிச் சிறுகதை எண் நான்கை எழுதிவிட்டது. கடலையே பார்க்காதவன்கூட அந்த அம்மாளைக் காலில் விழ வைத்திருக்கிறான். ஒருவனுக்கு நேரம் போதவில்லை போலும். நேரமின்மையால் நீதி மட்டும் தருகிறேன், மனிதநேயமே மாபெரும் செல்வம் என்று எழுதி முடித்திருந்தான். அவன் பாஸ்.

கமலவேணி பெயில். தேர்ச்சிக் குழு கூடி, தவறியவர்களின் விடைத்தாளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். சமோசாவும் டீயும் வந்திருந்தன. நான் அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். தன் கதையைத் தன் அம்மா செய்தபடியே எழுதியிருந்தாள். எங்க வூட்லயும் நல்லா இருந்துச்சு என்ற வரியின் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில், பாடத்தில் உள்ளபடி இல்லை, பேச்சுவழக்கு, நீதி இல்லை என்று எழுதியிருந்தது. திருத்தியவர் வெளியூர்க்காரர், அவருக்குக் கொடுத்தது விடைக்குறிப்பும் கைடும்தான். அவரை நான் என்ன சொல்ல முடியும்? அவள் கதையிலிருந்து திருடிய நகலை வைத்து அவள் கதையையே தப்பு என்று போட்டிருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். எல்லோரும் சமோசாவை உடைத்து உள்ளே உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதை யாருடையது என்று உங்களுக்கே தெரியும் சார் என்றேன். துறைத்தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. குரலைத் தாழ்த்தி, நானும் பொண்ணு பெத்தவன்தான் மேடம், கருணை மார்க் போட்டுப் பாஸ் பண்ணிடலாம், ஆனா நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க, அதனால கைடுல இருக்கிற கதையைத் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேன்னு அந்தப் பொண்ணு கைப்பட எழுதி ஒரு கையெழுத்துப் போடட்டும், நீங்களே போய் வாங்கிட்டு வாங்க, நீங்க சொன்னா கேப்பா என்றார். பட்டம் அவளுக்கு, வேலை உங்களுக்கு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடும் என்றும் சேர்த்துக்கொண்டார். சுற்றி எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு சார் என்று வெற்றிச்செல்வன் சொன்னான். அவரிடம் ஆராய்ச்சி செய்பவன், கைடை டைப் அடித்துக் கொடுத்தவன்.

நான் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது என்று சொல்வீர்கள். உங்கள் கை பிளீச் தண்ணீரில் வெடித்து, பாண்டேஜ் சுற்றிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதாக மிக்கேல் மாமாவின் மகள் அங்கிருந்து போனில் சொன்னாள். என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை. அந்தக் கையை நினைத்துக்கொண்டே போனேன். ஏலம் முடிந்து ராஜாம்பாள் ஐஸ் பெட்டிகளின் பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார். கமலவேணியும் பக்கத்தில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நான் துறைத்தலைவர் சொன்னதைச் சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். எங்கம்மா கதையை நானே தப்பா மனப்பாடம் பண்ணேன்னு எழுதித் தரணுமா மேடம் என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். நீங்க எழுதச் சொல்றீங்களா மேடம், நீங்க சொன்னா எழுதித் தரேன் என்றாள். பாவி மகள், அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்துவிடு என்று தொண்டை வரை வந்துவிட்டது, மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு கையெழுத்துத்தானே, அவளுக்கும் பட்டம் கிடைக்கும், உங்கள் டிக்கெட்டும் உறுதியாகும் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போது ராஜாம்பாள் நிமிர்ந்து பார்த்தார். குப்பையிலேருந்து அந்த மீனை நான்தான் தூக்கினு வந்தேன், உங்க சாரு எப்ப வந்து தூக்கினாரு என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் ஓவென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நீ ஒன்றும் எழுதித் தர வேண்டாம் கமலவேணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது ராஜாம்பாள் ஒரு கவரில் சங்கராவை அள்ளிப் போட்டுக் கையில் திணித்தார். காசு எடுத்தேன். வெச்சுக்கும்மா, தூக்கிப் போடாத இருந்தா போதும் என்றார். பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். போகட்டும் என்று கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை அதைக் குழம்பு வைத்தார்கள். சாப்பிடும்போது கமலவேணியின் கதையைச் சொன்னேன். அபி, அப்புறம் அந்த ஆன்ட்டி என்ன சொன்னாங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் தேர்ச்சிக் குழுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். கையெழுத்து வாங்கிட்டீங்களா மேடம் என்றார் துறைத்தலைவர். இல்லை சார், கேட்கவும் மாட்டேன் என்றேன். என் பெயருக்கு நேராக, இந்தக் கதையை எழுதியவர் கமலவேணி, கைடில் இருப்பது அதன் நகல், நகலைக் கொண்டு மூலத்தைத் திருத்தியதை நான் ஏற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் தனியாக வந்து, நல்லா கேட்டீங்க மேடம், எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் இல்ல என்று காதோடு சொல்லிவிட்டுப் போனவர்கள் மூன்று பேர். அவர்களைத்தான் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கவில்லை.

இன்டர்வியூ போன புதன்கிழமை நடந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். மாணவர்களின் படைப்பாற்றலை வளர்க்க என்ன செய்வீர்கள் என்று கேட்டவர் முனைவர் காத்தவராயன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். எழுதினால் எடுத்துக்கொள்ளாமல் இருப்பேன் சார் என்றேன். வெற்றிச்செல்வனுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் கெஸ்ட் லெக்சரர் தேவையில்லை என்று எனக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். வெற்றிச்செல்வன் துறை முழுக்க லட்டு கொடுத்தான். எனக்கும் நீட்டினான். வாங்கினேன், வாயில் வைக்க முடியவில்லை. வாசலில் நின்ற பியூன் பாவாடை அண்ணனிடம் கொடுத்தேன். எனக்கும் வேணாம்மா என்று அவர் அதைக் காக்கைக்குப் போட்டார்.

ஆக, விஷயம் இதுதான். என் வேலை போய்விட்டது. சுற்றி வளைத்து இத்தனை பக்கம் எழுதிவிட்டுத்தான் இந்த ஒரு வரியை எழுத முடிந்தது.

இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை, பயப்படாதீர்கள். முதலியார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் கைடுதான், ஆனால் அங்கே அதைக் கைடு என்றே சொல்கிறார்கள், இலக்கியம் என்று சொல்வதில்லை. அது போதும் எனக்கு. கமலவேணி நவம்பரில் மறுபடி பரீட்சை எழுதப் போகிறாள். என்ன எழுதுவாய் என்று கேட்டேன். அதே மீனுதான் மேடம், நீங்க வேணா பாருங்க என்றாள். அவள் பாஸாகிவிடுவாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அத்தையிடம் புதன்கிழமையே சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தேன். திட்டவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுத்திரி கொளுத்திவிட்டு வந்து, என் புள்ளைக்கு நீயே எழுது, நான் சொல்ல மாட்டேன் என்றார்கள். அபியிடம் இன்னும் சொல்லவில்லை. மாதா திருநாளுக்குப் போட்டுக்கொள்ள நீலத்தில் கவுன் வேண்டுமாம், அப்பாவுக்கும் நீலத்தில்தான் சட்டை எடுக்க வேண்டுமாம். துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன், இரண்டையும்தான்.

நான் செய்தது சரியா தப்பா என்று உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்வீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு. கோபம் வந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மாமாவிடம் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பரவாயில்லை பிரிஸ்கி, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதாதீர்கள்.

மாதா உங்களைத் தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பிரிஸ்கில்லா